துணைக்கு வந்தவள் இறங்கும் இடம்

உன் சொல்லைத் திருடிவிட்டார்கள்.

கல்முனையில் ஒரு புடைவைக் கடையின் மாடியில், தேத்தண்ணியும் கட்லட்டும் தந்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, மிகுந்த மரியாதையோடு திருடினார்கள். ஓட்டோவுக்கு ஆள் பொருத்தும் நம்முடைய கணினி நிரலைப் பொத்துவில் வரைக்கும் கொண்டுபோக உதவுகிறோம் என்று ஊர்ப் பிரமுகர்கள் அழைத்திருந்தார்கள். போனேன். நீ சொன்ன ஒரு வரியை என் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்து, என் முன்னாலேயே வாசித்து, நீ நினைத்ததற்கு நேரெதிரான பொருளை அதற்குச் சொன்னார்கள். மாடியில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அங்கிருந்து இறங்கி வந்தபோது எனக்கிருந்த கோபத்தில் உனக்கு எழுத முடிந்திருக்காது. எழுத வைத்தது ஒரு மணம்.

உம்மாவும் நானும் வீட்டுக்குத் திரும்ப ஏறிய ஓட்டோவில் தவிடு காறிப்போன மணம் அடித்தது. சாரதி காலையில் ஆலையிலிருந்து தவிட்டு மூட்டை ஏற்றியிருக்கிறார். சீற்றுக்கடியில் சிந்தியது வெயிலில் கிடந்து காறிவிட்டது. கழுவ நேரம் கிடைக்கவில்லை என்று சங்கடப்பட்டார். உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தப் போய், பாதியில் கையை இறக்கிவிட்டு, "இது அந்தப் புள்ளட மணமெல்லா?" என்றார்.

ஓம். உன்னுடைய மணம்தான். யாராவது அதை நாற்றம் என்று சொன்னால் நீ விடமாட்டாய். "நாத்தமில்ல. லிப்பேசு வேலை செஞ்சு முடிச்ச மணம்" என்பாய்.

நாம் சந்தித்தது ஒரு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. பல்கலைக்கழக ஆய்வரங்கில் எந்த அமர்விலும் பொருந்தாத கட்டுரைகளை அள்ளி, 'பல்துறை' என்று பெயர் வைத்து, கடைசி அறையில் போட்டிருந்தார்கள். ஒரே வழியில் போகிறவர்களை ஒரே ஓட்டோவில் ஏற்றக் கணினி எப்படி ஆள் பொருத்தலாம் என்று பேச நான் வந்திருந்தேன். நீ அரிசித் தவிட்டில் இருக்கும் நொதியம். பாண்டிருப்புச் சசி, நனோ லேசர். பிரியாணி சாப்பிட்ட சபை வீட்டுக்குப் போய்விட்டது. தலைமை தாங்க வந்தவர் காதில் தொலைபேசியோடு வெளியே போனார், திரும்பவே இல்லை. அறையில் மிஞ்சியது பேச வந்த மூன்று பேரும்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இங்கே ஆராய்ச்சி என்பது சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டத்தான் என்று வெறும் கதிரைகளைப் பார்த்துக் கத்தினேன். நீ முன்வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"கத்தி முடிஞ்சா தொடங்குகா. ஓட்டோ காத்துக்கிட்டு நிக்கிது."

அதுதான் நீ என்னோடு கதைத்த முதல் வார்த்தை.

சசி பேசியபோது எனக்குப் பாதிதான் விளங்கியது. ஒளியின் அலையைவிடச் சின்னதான ஒரு பெட்டிக்குள் ஒளியை அடைத்து லேசர் உண்டாக்குவது அவனுடைய வேலை. அந்தப் பெட்டியை அவன் கண்ணால் கண்டதில்லை, எல்லாம் கணினியில் போட்ட கணக்கு. பெரிய அலை சின்னப் பெட்டிக்குள் எப்படிப் போகும் என்று நீ கேட்டாய். சுவர் உலோகமாக இருந்தால் உலோகத்தின் இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து ஆடும், அப்போது ஒளி ஒடுங்கி உள்ளே நிற்கும், ஆனால் உலோகம் கொஞ்சம் ஒளியைத் தானே தின்றுவிடும் என்றான். நீ என் பக்கம் திரும்பி, "இவரு வெளிச்சத்தையும் ஓட்டோவிலதான் ஏத்துறாரு. நெருக்கி இருத்திப்போட்டுக் கூலியும் எடுக்கிறாரு" என்றாய். சசி சிரித்த சிரிப்பில் அடுத்த படம் திரையில் வரத் தாமதமானது. அன்றைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடந்த ஒரே அறை அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உன் முறை வந்தது. நெல்மணிக்குள் எண்ணெயும் லிப்பேசு என்ற நொதியமும் வெவ்வேறு படைகளில், ஒன்றை ஒன்று தொடாமல் இருக்கும். ஆலையில் தீட்டும்போது படைகள் கிழிந்து இரண்டும் சேரும். அந்த நிமிடமே லிப்பேசு எண்ணெயை வெட்டத் தொடங்கும். தவிடு காறுவது அதனால்தான். சூடாக்கினால் லிப்பேசு உருக்குலைந்து நின்றுவிடும் என்பது ஏற்கெனவே தெரிந்த விசயம். நம் ஊர்ச் சின்ன ஆலைகளின் உமி அடுப்பில், எவ்வளவு குறைந்த சூட்டில் அதைச் செய்யலாம்? அதுதான் உன் கேள்வி. இத்தனை வயல் இருக்கும் கரையில் சமைக்கிற எண்ணெய் கடைத் தகரத்தில் வருகிறது, நம்முடைய எண்ணெய் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது என்றாய். குரலை உயர்த்தாமல் சொன்னாய். நான் கத்தினால்கூட அந்தளவுக்குச் சுடாது.

உலகத்தில் எத்தனையோ நொதியம் இருக்க ஏன் இதைப் பிடித்தாய் என்று சசி கேட்டான். சில நொதியங்கள் துணைநொதியம் இல்லாமல் அசையாது என்று சொல்லிவிட்டு, "என்ட லிப்பேசு தனியப் போகும். ஒரு துணையும் தேவையில்ல. அதாலதான் எனக்கு அதில விருப்பம்" என்றாய்.

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் நானும் நீயும் சிரித்தது வேறு சிரிப்பு. ஏனென்றால் அந்த அறைக்கு நான் உம்மாவோடு வந்திருந்தேன், நீ உன் கூடப்பிறந்த ராத்தாவோடு வந்திருந்தாய். இரண்டு பேரும் வெளியே வேப்பமரத்தடியில் ஒரே வாங்கில் இருந்து, நாம் பேசி முடிப்பதற்குள் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள்.

பிறகு மருதமுனைக்கும் நிந்தவூருக்கும் இடையில் ஓட்டோக்காரர் சிலரைச் சேர்த்து வெள்ளோட்டம் விட்டேன். நான் படித்த முறைகள் எல்லாம் தெருக்கள் வலைபோல் பின்னிக் கிடக்கும் பெரிய நகரங்களுக்கு எழுதப்பட்டவை. நமக்கு ஒரே வீதி. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வயல். ஒரு கோட்டில் ஆள் பொருத்துவது என்ன பெரிய வேலை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு பயணிக்கும் ஏறும் இடம் ஒன்று, இறங்கும் இடம் ஒன்று. இரண்டில் எது வெறுமையாக இருந்தாலும் அது பிழையான பதிவு, அதை நீக்கிவிடு என்று எழுதியிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

ராத்தாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக நீ அதில் பதிந்தாய். ராத்தாவுக்கு வயிற்றில் பிள்ளை. ராத்தா இறங்கும் இடம் கிளினிக். உனக்கு அங்கே ஓர் அலுவலும் இல்லை, ஆகவே உன் பெயருக்கு நேரே வெறுமையாக விட்டாய். நிரல் உன்னை நீக்கிவிட்டு, உன் இடத்தில் ஒரு மீன் வியாபாரியைக் கூடையோடு ஏற்றி அனுப்பியது. ராத்தா வாசலில் நின்று பார்த்த பார்வையில் அந்த மனிசன் தானாகவே இறங்கி, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாராம். நீ எனக்கு அழைத்தாய்.

"உன்ட நிரல் என்னை அழிச்சுப்போட்டுது."

இறங்கும் இடத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"நான் ஏன் இறங்கணும்? நான் துணைக்குத்தானே வந்தன்?"

ராத்தா பின்னால் என்னைத் திட்டுவது கேட்டது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நான் சிரிக்கவில்லை. நான் வளர்ந்த வீட்டில் ஒரு பெண்ணும் தனியே கிளினிக்குக்குப் போனது கிடையாது. பெரிய நகரத்தில் இருப்பவனுக்கு இது தெரியாது, அவனை விட்டுவிடலாம். எனக்குத் தெரியும். தெரிந்தது எதுவும் என் விரல் வரைக்கும் வரவில்லை. படித்த புத்தகத்தில் இல்லாத மனிசர் நிரலிலும் இல்லை.

மறுநாள் உன் ஆய்வுகூடத்தின் பின்படியில் இருந்து, உப்பும் கொச்சிக்காய்த்தூளும் போட்ட மாங்காயை மூன்று பேரும் தின்றோம். நீ சீமெந்துப் படியில் சுண்ணக்கட்டியால் ஓர் இரசாயனத் தாக்கத்தை எழுதினாய். துணைநொதியம் வருகிறது, நொதியத்தோடு நின்று வேலையை முடிக்கிறது, பிறகு தன் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் எழுதும் சமன்பாட்டில் அதன் பெயர் இருக்காது. "அதுக்காக அதை அழிச்சிருவியா?" என்று என்னைக் கேட்டாய். சரி, உன்னை நிரலில் எங்கே எழுதுவது, இறங்கும் இடம் என்ற பெட்டிக்குள் ஏதாவது இருந்தாக வேண்டுமே என்றேன். நீ யோசிக்கக்கூட இல்லை. மாங்காயைக் கடித்துக்கொண்டே சொன்னாய்.

"ராத்தாட பேர எழுது. துணைக்கு வந்தவ போற இடம் ஒரு இடமில்லகா. ஒரு ஆள்."

சசி தின்பதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தான். நான் கை கழுவாமலேயே கணினியைத் திறந்தேன். விசைப்பலகையில் அந்தக் கொச்சிக்காய்த்தூள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பயணி போவது ஓர் இடத்துக்கு, துணை போவது ஓர் ஆளிடம். அந்த ஆள் எங்கே இறங்கினாலும் துணையும் அங்கே இறங்கும், திரும்பி ஏறும்போதும் கூட ஏறும். இரண்டு பேரையும் பிரித்து வேறு வேறு வண்டியில் ஏற்ற நிரலுக்கு அனுமதி இல்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வண்டிகள் ஒழுங்காக ஓடத் தொடங்கின.

ஆனால் நான் முடிக்க முதலே நீ சண்டைக்கு வந்தாய். பெண்ணுக்குத் துணை வேண்டும் என்று கணினியில் எழுதி வைக்கப் போகிறாய், நாளைக்கு ஒருத்தன் வந்து இதைச் சட்டமாக்குவான் என்றாய். நீயே சொல்லித் தந்துவிட்டு நீயே தடுக்கிறாய் என்று நான் எரிந்து விழுந்தேன். நீ அசையவில்லை. துணை வேண்டுமா என்ற கேள்வியைப் போகிற ஆளிடம் மட்டும்தான் கேட்க வேண்டும், வீட்டில் வேறு யாரிடமும் கேட்கக்கூடாது. ஆணிடமும் கேட்க வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் என் வரியைத் திருப்பித் தா என்றாய். ஆம்பிளை ஏன் துணை கேட்கப் போகிறான் என்று சசி நக்கலடித்தான். நிரலில் துணை கேட்ட முதல் ஆண் அவன்தான். பல்லுப் பிடுங்க அம்மாவை ஏற்றிக்கொண்டு போனான். நீ அதை அவனுடைய கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவேன் என்றிருந்தாய்.

நான் துணை என்பதை உள்ளிருந்து பார்த்தது உன்னால்தான். தவிட்டை அளக்க மலைநாட்டில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டி வந்தது. ராத்தா பிள்ளை பெற்றிருந்தார், உன்னோடு வர ஆள் இல்லை. நான் வந்தேன். பஸ்ஸில் உன் மடியில் குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டி, அதற்குள் ஐஸும் தவிடும். அங்கே எனக்கு ஓர் அலுவலும் இல்லை. பகல் முழுக்க வெளி வாங்கில் இருந்து கதவுக் கண்ணாடியால் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு தடவையாவது திரும்பி நான் இருக்கிறேனா என்று பார்க்கவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு, பார்க்கத் தேவையில்லாமல் இருப்பதற்குத்தான் நான் வந்திருக்கிறேன் என்று விளங்கியது. வெளியே வந்தபோது உன் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நீ எதிர்பார்த்ததைவிடக் குறைந்த சூட்டிலேயே லிப்பேசு அடங்கியிருந்தது. ஒரு சின்னப் போத்தலை என் கையில் வைத்தாய். "சூடாக்கின தவிடு. வெச்சிரு. காறினா என்ட ஆராய்ச்சி பிழை. மணந்து பாத்து உண்மையச் சொல்லு, எனக்காகப் பொய் சொல்லாத" என்றாய்.

மாரி மழைக்குப் பிறகு டெங்கு உன்னைக் கொண்டுபோனது. கடைசி நாட்களில் வார்ட்டில் உனக்குத் துணைக்கு நின்றது நான்தான். நான் எதற்கும் யாரையாவது குற்றம் சொல்கிறவள் என்பது உனக்குத் தெரியும். அங்கே தேடிப் பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை. தாதியும் டொக்டரும் செய்யவேண்டியதையெல்லாம் செய்தார்கள். நீ மௌத்தாகிப் போனாய். கோபப்பட ஆளில்லாத சாவை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அதனால் அதைச் சும்மா வைத்திருக்கிறேன்.

மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். பொய்யில்லை. நிரல் ஓடுகிறது. அதில் ஆக அதிகம் துணை போகிற ஆள் யார் தெரியுமா? எங்கள் உம்மா. தன் அலுவலுக்கு வெளியே போவதென்றால் அவர் வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். துணைக்கு என்றால் செருப்பை மாட்டினால் போதும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அக்கம் பக்கத்தில் யார் கேட்டாலும் ஏறிவிடுகிறார். "உங்கட ஆராய்ச்சி எனக்கு விளங்கல்ல. ஆனா இந்த ரோட்டு முழுக்கப் பாத்துட்டன்" என்கிறார். தனியாகப் போகும் பிள்ளைகளும் கூடிக்கொண்டு வருகிறார்கள். துணை வேண்டுமா என்று நிரல் கேட்கிறது, வேண்டாம் என்று அழுத்துகிறார்கள், ஓட்டோ வருகிறது, போகிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. பாண்டிருப்பில் சசியின் தங்கச்சி அப்படித்தான் வேலைக்குப் போய்வருகிறாள். ஒரு சின்ன ஆலைக்காரர் நீ கண்டுபிடித்த சூட்டை உமி அடுப்பில் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். சசி போய் நின்று வெப்பமானி பிடிக்கிறான். லேசர்க்காரனுக்கு வந்த வேலையைப் பார்.

இப்போது மாடிக்கு வருகிறேன்.

அழைத்தவர்களில் மூத்தவரான ஹாஜியார் கெட்ட மனிசர் இல்லை. அவருடைய மகளும் தூரத்தில் படிக்கிறாள், பயம் அவருடைய குரலில் இருந்தது. கட்டுரையை விரித்து வைத்து உன் வரியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "நீங்க எழுதினதத்தான் மகள் நாங்களும் சொல்றம். பொம்புளைப் பிள்ளை பதிஞ்சா, துணைட பேர் இல்லாம ஓட்டோ வரக்கூடாது. அதை மட்டும் கட்டாயமாக்குங்க. பொத்துவில் வரைக்கும் எங்கட பொறுப்பு." சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நாளைக்கு வருவான் என்று நீ சொன்ன அந்த ஒருத்தனே வந்து மேசையில் இருந்தது போலிருந்தது.

இரண்டு நிபந்தனையையும் சொன்னேன். போகிற ஆளிடம் மட்டும்தான் கேட்கும், ஆணிடமும் கேட்கும். அதை மாற்ற மாட்டேன். அப்ப பொத்துவில் என்று ஒருவர் கேட்டார். போகாது என்றேன். அந்தக் கரையில் எத்தனை பெண்கள் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். உன் வரியை விலையாகக் கொடுத்து வாங்கும் வீதியில், துணை கிடைக்காத நாளில் அவர்கள் எங்கே போவார்கள்? நாங்களே மெதுவாக, ஓட்டோக்காரர்களைக் கேட்டுக் கேட்டுக் கொண்டுபோவோம்.

பிறகு எழுந்து நின்று கேட்டேன்.

"நானும் துணையோடதான் வந்தன். உம்மா கீழ புடைவை பாத்துக்கிட்டு இரிக்காங்க. நான் கேட்டு வந்தாங்க. இப்ப நீங்க சொல்லுங்க. இந்த மாடிக்கு வர உங்களுக்குத் துணைக்கு வந்தது யாரு? ஒராள் ஒரு பேரச் சொல்லுங்க."

ஒருவர் ஏற்கெனவே கலக்கிய தேத்தண்ணியைத் திரும்பக் கலக்கினார். ஹாஜியார் கட்டுரையை மெதுவாக மடித்தார். "தேத்தண்ணி ஆறுது மகள்" என்றார்.

கீழே உம்மா ஒரு புடைவையும் வாங்காமல், கடை முழுவதையும் இறக்கிப் பார்த்து முடித்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டோவுக்கு நடந்தார். அந்தத் தவிட்டு மணத்துக்குள் ஏறி இருந்ததும் நான் பையைத் திறந்து உன் போத்தலை எடுத்தேன். எங்கே போனாலும் அது என்னோடு வருகிறது. மூடியைத் திருகி மணந்து பார்த்தேன், உம்மாவிடமும் நீட்டினேன். வறுத்த அரிசிமா மணம் என்றார் உம்மா. காலடியில் காறிய தவிடு, கையில் காறாத தவிடு. உண்மையைத்தான் சொல்கிறேன், உனக்காகப் பொய் சொல்லவில்லை. உன் ஆராய்ச்சி சரி.

ஓட்டோ புறப்படவில்லை. பின்சீற்றில் மூன்று பேர் இருக்கலாம். உம்மா ஓர் ஓரம், நான் நடுவில். இன்னோர் ஆள் வரும் என்று நிரல் காட்டுகிறது, கொஞ்சம் பொறுப்போமா என்று சாரதி கேட்டார். ஓம் என்றேன். அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

மலைநாட்டுக்குப் போய் வந்த பிறகு, அடுத்த பயணம் எனக்காக, அதில் நீதான் துணை என்று நீயே பதிந்து வைத்தாய். பழைய பதிவு, நீக்கிவிடு என்று சசி சொல்கிறான். நீக்கவில்லை. உன் பெயருக்கு நேரே, இறங்கும் இடம் என்ற பெட்டியில், என் பெயர் அப்படியே இருக்கிறது. நம்மைப் பிரிக்க நிரலுக்கு அனுமதி இல்லை. அதை எழுதியது நான், எழுத வைத்தது நீ. மற்ற ஓரம் காலியாகத்தான் கிடக்கிறது.

வந்து ஏறுகா.